முட்டையைக் கழுவி வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு பற்றி எழுதினேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கோழி முட்டை போடுகிறது, சரி, அதைக் கெடாமல் எப்படி வைப்பது? அதனால் இந்த முறை முழுக்க முட்டைக்கே கொடுத்துவிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எங்களிடம் 14 சிறுவிடைக் கோழிகள் இருக்கின்றன. தை மாதத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்று முட்டை வைத்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மூன்று பேர்தான், ஃப்ரிட்ஜில் இடமில்லை. ஜாடியில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போட்டு ஒரு வருஷம் வைக்கிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்தே செய்யலாமா அக்கா?
வாசகி, ஒட்டன்சத்திரம்

வீடியோவில் காட்டியது பொய் இல்லை. ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துப் பண்ணை வீடுகளில் குளிர்காலத்துக்கு முட்டை சேர்த்தது இப்படித்தான், ஏனென்றால் அங்கே பகல் குறுகிப்போனால் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிடும். சிலர் சுண்ணாம்புக்குப் பதிலாக வாட்டர் கிளாஸ் என்று சொல்லும் சோடியம் சிலிகேட் கரைசலில் போட்டு வைத்தார்கள், இரண்டு உலகப் போர்க் காலங்களிலும் அது வீட்டுக்கு வீடு இருந்தது.

முறை இதுதான். ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீருக்கு 28 கிராம் நீற்றிய சுண்ணாம்புத் தூள். அவ்வளவும் கரையாது, லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாமல் மீதி அடியில் வண்டலாக நிற்கும், அது அப்படியே இருக்கட்டும். அன்றன்று இட்ட, கழுவாத, எச்சம் ஒட்டாத முட்டைகளாகப் பொறுக்கி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, முட்டைக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி மூடிவிட வேண்டும். ஓட்டில் இருக்கிற நுண்துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிடுகிறது, அந்தக் காரத்தில் கிருமியும் பெருகாது. சில நாளில் தண்ணீரின் மேல் மெல்லிய தகடு மாதிரி ஓர் ஆடை படியும், விரல் நுனியால் தொட்டால் மொறுமொறுவென்று உடையும். காற்றில் இருக்கிற கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாவது அது. முட்டை ஓடும் பெரும்பாலும் அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். அந்த ஆடையைக் கெட்டுப்போனது என்று நினைத்து எடுத்துப் போடாதீர்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு என்றால் நிறமும் மணமும் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். அது பசையாக இருப்பதால் கிட்டத்தட்ட பாதி தண்ணீர், ஆகவே எடையில் இரட்டிப்பாகப் போட வேண்டும். வெள்ளையடிக்க வாங்கி மிச்சம் வைத்த சுண்ணாம்பு வேண்டாம், அதில் நீலமும் பசையும் கலந்திருப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் எட்டு மாதம், ஒரு வருஷம் என்று நம் ஊரில் இதை நம்பி வைக்க நான் சொல்ல மாட்டேன். அங்கே அந்த ஜாடி இருந்தது குளுகுளுவென்று இருக்கும் நிலவறையில். பங்குனி, சித்திரையில் நம் வீட்டுக்குள்ளேயே 32, 33 டிகிரி காயும். நானே 20 முட்டையைப் பீங்கான் ஜாடியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் ஐந்து மாதம் வைத்துப் பார்த்தேன். மூன்று முட்டை உடைத்ததுமே நாறியது. மீதி நாறவில்லை, ஆனால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது, மஞ்சள்கரு தோசைக்கல்லில் விழுந்த வேகத்தில் கலங்கிப்போனது. அப்புறம் இன்னொரு காரணம்: கோழியின் வயிற்றிலேயே மஞ்சள்கருவுக்குள் சால்மொனெல்லா கிருமி புகுந்திருந்தால் வெளியே இருக்கிற சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் இருந்தாலும் கிருமி உள்ளே போகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விவசாயிகளுக்கும் வீடுகளுக்கும் ஆலோசனை சொல்கிற விரிவாக்கத் துறைகள் இன்று இந்த முறையை வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

உங்களுக்கு ஏற்றது நம் ஊர்க் கோழி வளர்ப்புப் பாடங்களில் சொல்லித்தருகிற சின்ன முறை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறியதும் ஐந்து லிட்டர் தண்ணீரும் 250 கிராம் உப்பும் கலந்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு அளவுக்கு 200 கிராம் சுண்ணாம்பு, நீற்ற 200 மில்லி தண்ணீர், பிறகு கலக்க ஒரு லிட்டர் தண்ணீர், 50 கிராம் உப்பு போதும். இதில் முட்டையை ஓர் இரவு முழுக்க, சுமார் 16 மணி நேரம், மூழ்கவைத்து எடுத்து நிழலில் உலர்த்தி அட்டையில் அடுக்கிவிடுங்கள். வெளியிலேயே மூன்று நான்கு வாரம் நிற்கும். வேகவைக்கும்போது மட்டும் மழுங்கிய பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் துளைகள் அடைபட்ட ஓட்டுக்குள் காற்று விரிய இடமில்லாமல் பாத்திரத்திலேயே வெடித்துவிடும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது, முற்றத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நீற்றுங்கள். கண்ணில் ஒரு துளி பட்டாலும் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மாதம் ஓர் அட்டை, 30 முட்டை வாங்குவேன். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜ் கதவில் அடுக்குவது வழக்கம். கழுவக் கூடாது என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?
வாசகி, சென்னை

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி.

ஒரு முட்டை ஓட்டில் ஏழாயிரத்துக்கும் மேல் நுண்துளைகள் இருக்கும். கோழி முட்டையை வெளியே விடும்போது அதன் மேல் ஈரமாக ஒரு பூச்சு இருக்கும், உடனே காய்ந்துவிடும். புதிதாக இட்ட முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், சுண்ணாம்பு பூசிய சுவரைத் தடவியது போல ஒரு சொரசொரப்பும் மங்கலும் இருக்கும். அதுதான் அந்தத் துளைகளுக்கு மூடி. சோப்பு போட்டுத் தேய்த்தால் அது போய்விடுகிறது, முட்டை பளபளவென்று அழகாக ஆகும், ஆனால் திறந்த வீடாகிவிடும். அதுவும் சூடாக இருக்கிற முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் மேல் இருக்கிற அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் கழுவித்தானே விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் கழுவிய முட்டையைக் கடைசி வரை குளிரிலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் நேர்மாறாக, கடைக்கு வரும் முட்டையைக் கழுவவே கூடாது என்று விதி. இரண்டு பேரும் பயப்படுவது ஒரே சால்மொனெல்லாவுக்குத்தான்.

எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், போகவில்லை என்றால் அந்த முட்டையை முதலில் சமைத்துவிடுங்கள். கழுவுவது உடைக்கப்போகும்போது போதும். அப்புறம் அந்தக் கதவு! ஃப்ரிட்ஜிலேயே அதிகம் சூடேறும் இடமும் அதிகம் ஆடும் இடமும் அதுதான், அங்கே முட்டைக்கென்று குழி வைத்து விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். உள்தட்டில், அட்டையோடு, கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். மழுங்கிய பக்கத்தில் காற்றறை இருக்கிறது, அது மேலே இருந்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். இப்படி வைத்தால் நான்கு, ஐந்து வாரம் தாராளமாக இருக்கும். ஒருமுறை உள்ளே வைத்த முட்டையை வெளியே எடுத்து வியர்க்கவிட்டு மறுபடி உள்ளே வைப்பது மட்டும் வேண்டாம்.

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி வைத்தால் எனக்கு நல்லது. முட்டையை ஃப்ரீசரில் வைக்கலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

வைக்கலாம். ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டு வைக்க வீட்டில் நான் மனதார நம்புகிற ஒரே வழி இதுதான்.

ஓட்டோடு வைக்காதீர்கள், உள்ளே உறைந்து விரிந்து ஓடு பிளந்துவிடும். ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்து, அப்புறம் பெரிய பாத்திரத்தில் சேருங்கள். ஒரு கெட்ட முட்டை இருபது முட்டையைக் கெடுத்துவிடும். முழு முட்டை என்றால் வெள்ளையும் மஞ்சளும் கலக்கும் வரை அடித்தால் போதும், நுரை வர வேண்டாம். வெள்ளைக்கருவை மட்டும் வைப்பது இன்னும் சுலபம், ஒன்றும் சேர்க்காமல் அப்படியே உறையவைக்கலாம், கரைந்த பிறகும் நன்றாக நுரைக்கும்.

மஞ்சள்கருதான் அடம்பிடிக்கும். தனியாக உறையவைத்தால் களி மாதிரி இறுகிவிடும், கரைந்தாலும் பழையபடி இளகாது. அதற்கு நான்கு மஞ்சள்கருவுக்குக் கால் டீஸ்பூனில் பாதி உப்பு, இனிப்புக்கு என்றால் ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை கலந்து வைக்க வேண்டும். டப்பாவின் மேல் எது கலந்தது, எத்தனை முட்டை, என்ன தேதி என்று எழுதி ஒட்டுங்கள். உப்பு போட்டதைக் கேக்கில் ஊற்றிய கதையை எனக்கு எழுதும்படி ஆகிவிடக் கூடாது.

ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டுவைத்தால் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். கலக்கிய முட்டை மூன்று டேபிள்ஸ்பூன் ஒரு பெரிய முட்டைக்குச் சமம் என்பது பொதுவான கணக்கு. நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் சுமாரில்தான் இருக்கும், நாமக்கல் பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் வரும், ஆகவே கேக்குக்குத் தராசில் நிறுத்து எழுதிவைப்பது நல்லது. கரைப்பது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஓர் இரவு வைத்து. கரைந்ததை அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. கரண்ட் போய் கட்டி முழுக்க இளகி, குளிர்ச்சியும் விட்டுப்போயிருந்தால் தூக்கிக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

அவயத்துக்கு, அதாவது குஞ்சு பொரிக்க அடைக்கு வைக்க முட்டை சேர்க்கிறேன். ஆச்சி காலத்தில் தவிட்டுப் பானையில் போட்டு வைப்பார்கள். நானும் அப்படியே செய்தேன், போன முறை 12-ல் ஏழு கூமுட்டை. எத்தனை நாள் வரை சேர்க்கலாம்?
வாசகர், விளாத்திகுளம்

ஏழு நாள். பத்து நாள் என்றால் அதுவே அதிகம். முட்டையிட்ட அன்றே பென்சிலால் தேதி எழுதுங்கள், பேனா வேண்டாம்.

சேவல் கூடிய முட்டையில் உயிர் இருக்கிறது, அது 21 டிகிரிக்கு மேல் போனாலே மெல்ல அசைய ஆரம்பித்துவிடும். கோழியின் சூடு இல்லாமல் பாதியில் நின்றும்போகும். ஒரு சித்திரையில் நெல்லுக்குள் புதைத்துவைத்த முட்டையைப் பத்தாம் நாள் ஆம்லெட்டுக்கு உடைத்தேன், மஞ்சள்கருவின் மேல் நூல் நூலாகச் சிவப்பு ஓடியிருந்தது. அதற்கப்புறம்தான் எனக்கே இது உறைத்தது. நெல்லும் தவிடும் முட்டை உடையாமல் காக்கும், ஆனால் குளிர்ச்சி தராது. ஆச்சி வீட்டுத் தவிட்டுப் பானை மண்ணில் பாதி புதைந்து, வெயில் படாத மூலையில் இருந்திருக்கும். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

பெரிய மண்தொட்டியில் மணல் பரப்பி, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, சுற்றியும் மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை மட்டும் நனையுங்கள். பானைக்குள் முட்டை, வாயில் ஈரத்துணி. உங்கள் கரிசல் பக்கத்து வறண்ட காற்றுக்கு இது அருமையாக வேலை செய்யும், கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. அவயத்துக்கு வைக்கும் முட்டையை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சாப்பிட மட்டும்தான் முட்டை என்றால் சேவலைத் தனியாகப் பிரித்துவிடுவது நல்லது, கரு இல்லாத முட்டை கூடுதல் நாள் தாங்கும்.

கிள்ளானில் என் அக்கா வீட்டில் கஞ்சியோடு உப்பு முட்டை தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். ஊருக்கு வந்த பிறகும் நாக்கிலேயே நிற்கிறது. இங்கே செய்ய முடியுமா?
வாசகி, தஞ்சாவூர்

தாராளமாக. மலேசியாவில் சீனர்களிடமிருந்து எல்லார் வீட்டுக் கஞ்சிக்கும் வந்துவிட்ட பண்டம் அது. தஞ்சாவூரில் வாத்து முட்டைக்கா பஞ்சம், அறுவடைக் காலத்தில் வயலில் வாத்து மேய்ப்பவர்களிடமே கிடைக்கும். கோழி முட்டையிலும் செய்யலாம், ஆனால் வாத்து முட்டையில் மஞ்சள்கரு பெரிது, கொழுப்பும் அதிகம், அதனால்தான் அந்த எண்ணெய் கசிகிற ருசி.

ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். வாத்து முட்டையில் சேறு இருக்கும் என்பதால் இதற்கு மட்டும் கழுவித்தான் ஆக வேண்டும், கழுவியதும் அன்றைக்கே ஈரம் உலர்த்திப் போட்டுவிடுங்கள். கண்ணாடி ஜாடியில் அடுக்கி உப்புத் தண்ணீரை ஊற்றினால் முட்டை மிதக்கும், அது கெட்டதால் இல்லை, உப்பின் கனத்தால். தண்ணீர் நிரப்பிய ஒரு பையை மேலே வைத்து அமுக்குங்கள். மூன்றிலிருந்து நான்கு வாரம். இருபதாம் நாள் ஒன்றை எடுத்து வேகவைத்துப் பாருங்கள், மஞ்சள்கரு ஆரஞ்சு நிறத்தில் மணல் மணலாக உதிர்ந்து, ஓரத்தில் எண்ணெய் மினுமினுத்தால் தயார். பிறகு எல்லாவற்றையும் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சையாகச் சாப்பிடும் பண்டம் இல்லை.

அவித்த முட்டையை வினிகரில் ஊறப்போட்டு ஊறுகாய் மாதிரி வெளியே வைக்கலாமா?
வாசகர், ஓசூர்

வெளியே வேண்டவே வேண்டாம். 1997-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் அவித்த முட்டையைப் பல்குச்சியால் குத்தி, வினிகர், பீட்ரூட், மிளகாயோடு ஜாடியில் போட்டு வெளியிலேயே வைத்துச் சாப்பிட்டு, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் தாக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். குத்திய துளை வழியாகக் கிருமி மஞ்சள்கருவுக்குள் போய்விட்டது, வினிகரின் புளிப்பு அதுவரை போய்ச் சேரவில்லை. செய்தால் குத்தாமல், முழுக்க ஃப்ரிட்ஜிலேயே.

தண்ணீரில் போட்டு மூழ்கினால் நல்ல முட்டை என்கிறார்களே, அதை மட்டும் நம்பலாமா?
வாசகி, காரைக்குடி

வயதைச் சொல்லும், நோயைச் சொல்லாது. நாளாக ஆக ஈரம் வெளியேறிக் காற்றறை பெரிதாகிறது. படுத்தால் புதிது, நட்டுக்கொண்டு நின்றால் பழசு, சீக்கிரம் சமைத்துவிடுங்கள். மிதந்தால் எறிந்துவிடுங்கள். இருட்டறையில் மழுங்கிய பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் காற்றறையே தெரியும், புது முட்டையில் ஒரு சின்னச் சுண்டைக்காய் அளவு, பழையதில் நெல்லிக்காய் அளவு.

முட்டை மேல் எண்ணெய் தடவி வைத்தால் தங்குமா?
வாசகர், தென்காசி

தங்கும், இட்ட முதல் நாளிலேயே தடவினால். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் கொஞ்ச நாளில் காறிப்போய் முட்டைக்குள்ளும் வாடை ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கிற, வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபினை இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு முட்டையை உருட்டுங்கள். மூன்று வாரம் வெளியில் இருக்கும், ஃப்ரிட்ஜில் என்றால் இன்னும் நீளும்.

பேத்தி பெரியவளாகியிருக்கிறாள். எங்கள் வழக்கப்படி தினம் ஒரு பச்சை நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு மாதமாக முட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?
வாசகி, மதுரை

சேர்த்துவைத்த முட்டையைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள் அம்மா. எந்த முறையில் சேர்த்தாலும் சரி, இது மட்டும் கூடாது. ஃப்ரிட்ஜில் இருந்தாலும், சுண்ணாம்பில் முக்கினாலும், உள்ளே கிருமி இருந்தால் அதைக் கொல்வது அடுப்பு ஒன்றுதான். இன்று இட்ட முட்டையிலும் அது இருக்க வாய்ப்புண்டு. சத்துக்காகத்தானே கொடுக்கிறீர்கள், வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். பச்சை வெள்ளைக்கருவில் பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாத ஒரு பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது செயலற்றுப்போகும்.

வழக்கத்தை விட வேண்டாம். இரும்புச் சட்டியில் அதே நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, காய்ந்ததும் முட்டையை அதிலேயே உடைத்து ஊற்றி, மஞ்சள்கரு கெட்டியாகும் வரை இரண்டு பக்கமும் வேகவிட்டு, சட்டியில் நிற்கிற எண்ணெயையும் சேர்த்தே தட்டில் ஊற்றிக் கொடுங்கள். பிள்ளை எண்ணெய் வாடைக்கு முகம் சுளித்தால் நாலு சின்ன வெங்காயமும் தட்டிய மிளகும் போட்டுப் புரட்டுங்கள். சேர்த்துவைத்திருக்கிற ஒரு மாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதக்காததை எல்லாம் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் குழம்பு வைத்துவிடுங்கள்.